குமிழுக்குக் காவல்

எங்கள் தொடர்மாடியில் யாரும் எங்கேயும் தனியாகப் போனதில்லை. மேல்வீட்டு மாமி போக விட்டால்தானே!

நீங்கள் செருப்பை மாட்டிக்கொண்டு லிப்டுக்குள் நுழைந்திருப்பீர்கள். கதவு மூடப்போகும் நேரத்தில் ஒரு கை உள்ளே வரும். கைக்குப் பின்னால் ஒரு துணிப்பை, பைக்குப் பின்னால் மாமி.

"எங்க பிள்ளை, வெளிக்கிட்டாச்சோ?"

பல் வைத்தியரிடம் என்று உண்மையைச் சொன்னீர்களோ, தொலைந்தீர்கள். "தனியவோ? பொறு, நானும் வாறன், துணைக்கு" என்பார். ஏற்கெனவே லிப்டுக்குள் வந்து நின்றுகொண்டுதான் அந்தப் 'பொறு'வைச் சொல்லுவார்.

வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில் எங்கள் கட்டடம். நாங்கள் குடிவருவதற்கு முன்பே மாமி அங்கே இருந்தவர். கணவர் போய் நெடுங்காலம். ஒரே மகன் ரொறன்ரோவில். சொந்த அலுவல் என்று அதிகம் இல்லாததால் கட்டடத்தின் அலுவல் எல்லாம் அவருடைய அலுவல் ஆகிவிட்டது. அந்தத் துணிப்பை எந்நேரமும் கதவுக்குப் பின்னால் ஆயத்தமாகத் தொங்கும். தண்ணீர்ப் போத்தல், துவாய், பிஸ்கட், தேசிக்காய், ஒரு குப்பித் தைலம். தீயணைக்கும் படைகூட இவ்வளவு வேகமாக வெளிக்கிடாது.

எதிர்வீட்டு ஐயா பல் பிடுங்கப் போனபோது மாமி வைத்தியரின் அறைக்குள்ளேயே போய் நின்றிருக்கிறார். வைத்தியர் "ஆ காட்டுங்கோ" என்றதும் ஐயாவோடு சேர்ந்து மாமியும் வாயைத் திறந்தார். பல் வெளியே வரும்வரை மூடவில்லை. வைத்தியர் இரண்டு வாயையும் மாறி மாறிப் பார்த்தாராம். ஐயா இதை இன்றைக்கும் சொல்லுவார், சொல்லும்போது கன்னத்தையும் பிடித்துக்கொள்வார்.

அதே ஐயாவுக்குக் கொட்டாஞ்சேனையில் ஒரு சின்ன வீடு இருந்தது. வாடகைக்கு இருந்தவர்கள் எழும்பமாட்டோம் என்றதால் புதுக்கடை நீதிமன்றத்தில் வழக்கு. ஒவ்வொரு தவணைக்கும் துணைக்கு மாமி. ஒருநாள் மத்தியானம் ஐயா சட்டத்தரணியோடு கதைத்துவிட்டு வெளியே வந்து பார்த்தால், மாமியை வைத்த இடத்தில் காணவில்லை. தாழ்வாரத்தின் அடுத்த முனையில் ஒரு கிழவிக்குப் பக்கத்தில் இருந்து ரோல்ஸைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கிழவி வேறு யாருமல்ல, வாடகைக்காரனின் தாய்.

"மாமி, அவை எதிர்க்கட்சி!" என்று ஐயா பல்லைக் கடித்தார்.

"தெரியும். ஆனா அவ தனிய இருக்கிறாவே."

ஐயா ஒரு கிழமை மாமியோடு கதைக்கவில்லை. அடுத்த தவணை வந்த அன்று காலையில் அவரே போய் மாமி வீட்டு மணியை அடித்தார்.

காஸ் தட்டுப்பாடு வந்த காலத்தில் காலி வீதி ஓரமெங்கும் சிலிண்டர் வரிசை. கீழ்வீட்டு அக்காவுக்குத் துணையாக மாமி வெயிலில் அவருக்குப் பின்னால் நின்றார். அதற்கும் பின்னால் நின்ற சிங்கள இளைஞனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "அக்கே, சிலிண்டர் ஏக கோ?" என்று, சிலிண்டர் எங்கே என்று கேட்டான். "மம நிகங் ஆவே மல்லி," சும்மா வந்தனான் தம்பி என்று மாமி தமக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னார். நாட்டில் ஒரு சிலிண்டருக்கு ஆட்கள் அடிபட்ட நேரத்தில், சும்மா வரிசையில் நின்ற ஒரே பிறவி அவராகத்தான் இருக்கும். பொழுதுபடும் நேரம் அந்த மல்லி அவருக்குப் பால் விடாத பிளேன்ரீ வாங்கிக் கொடுத்தானாம்.

இப்படிப்பட்டவரின் கண்ணில் படாமல் நான் ஒரு விடுமுறைக்குத் தனியாகப் போகத் திட்டம் போட்டேன். என் கெட்டித்தனத்தைப் பாருங்கள்.

நான் கூட்டத்தில் வளர்ந்தவள். குளியலறைக்குள் இருந்தாலும் கதவுக்கு வெளியே நின்று ஒருவர் கதை கேட்கும் வீடு எங்களுடையது. வேலை செய்வது கோட்டையில் ஓர் அலுவலகத்தில், வாடிக்கையாளரின் முறைப்பாடுகளைத் தொலைபேசியில் கேட்கும் பிரிவில். காலை முதல் மாலை வரை ஊரார் குரல், மாலையில் வீட்டார் குரல். கலியாணமும் இல்லை என்பதால் அதைப் பற்றிய குரல்கள் தனி. ஒருநாள் யாரோ அனுப்பிய ஒரு காணொளியில் ஆட்கள் கடலுக்கு அடியில் மீன்களோடு நீந்தினார்கள். நான் மீனைப் பார்க்கவில்லை. ஒருவரும் கதைக்கவில்லை என்பதைத்தான் பார்த்தேன். வாயில் ஒரு குழாயைக் கடித்திருப்பதால் விரும்பினாலும் கதைக்க முடியாது. இதைவிடச் சொர்க்கம் வேறு என்ன! நிலாவெளியில், புறாமலைத் தீவுக்குப் பக்கத்தில், ஸ்கூபா டைவிங் பழக்குகிறார்கள் என்று அறிந்து அன்றைக்கே இடம் பதிந்துவிட்டேன்.

அந்த நேரத்தில்தான் மாமிக்கு மகனின் ஸ்பொன்சர் சரிவந்திருந்தது. மாமி கனடாவுக்கு நிரந்தரமாகப் போகிறார் என்று கட்டடமே கேசரி கிண்டியது. மாமியின் முகம் மட்டும் கேசரிக்கு ஏற்ற முகமாக இல்லை. டுபாயில் விமானம் மாறி, தனியாகப் போக வேண்டும். அந்தத் 'தனிய' என்ற இடம் வந்ததும் "ஐயோ, பருப்பு அடிப்பிடிக்கும்" என்று எழுந்து உள்ளே போய்விடுவார். ஒருநாள் அவர் வீட்டில் அடுப்பே எரியவில்லை. அப்போதும் பருப்பு அடிப்பிடித்தது.

என் பயணத்தை அம்மாவிடம் சொன்னபோது வீட்டில் பெரிய போர். கடல், அதுவும் அடியில், அதுவும் தனியாக. மூன்றையும் ஒவ்வொரு விரலாக மடித்துக் காட்டினார் அம்மா. கடலை விட்டுக்கொடுத்தார். அடியையும் விட்டுக்கொடுத்தார். 'தனிய' மட்டும் நடக்காது என்றார். அதற்குள் கதவில் மணி அடித்தது. மாமி பையோடு நின்றார்.

"கேட்டது பிள்ளை. சுவருக்குக் காது இல்லையெண்டாலும் எனக்கு இருக்கு. எப்ப வெளிக்கிடுறம்?"

வெள்ளவத்தையில் ஏறிய திருகோணமலை பஸ்ஸில் நான் யன்னலோரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்தேன். மாமி கவனித்ததாகவே தெரியவில்லை. குருநாகல் வருவதற்குள் பஸ்ஸின் முன்பாதி முழுவதும் அவருக்குச் சொந்தமாகிவிட்டது. ஹபரணையில் இறங்கிய ஒரு கர்ப்பிணிப் பெண்ணை அவருடைய புருஷன் வந்து பொறுப்பெடுக்கும் வரை பஸ்ஸை நிற்கவைத்தார். சாரதி ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பார்த்துக் களைத்திருந்தார்.

நிலாவெளியில் எங்களுக்குப் பழக்கிய மாஸ்டர் திருகோணமலைப் பெடியன். கறுத்துச் சுருண்ட தலை, எதற்கும் சிரிப்பு. காற்று நிரப்பிய சிலிண்டரைக் கொண்டுவந்து மணலில் நிறுத்தினார். மாமி முதலில் அதன் வயிற்றில் விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டி, காதைக் கொடுத்துக் கேட்டார்.

"ஓம், நிரம்பத்தான் இருக்கு."

"அம்மா, இது சமைக்கிற காஸ் இல்லை."

"தெரியும் தம்பி. ஆனாலும் தட்டிப் பாக்காமல் சிலிண்டர் வாங்கக்கூடாது."

அதன்பிறகு மாஸ்டர் விதிகளைச் சொன்னார். மூச்சை அடக்கக்கூடாது. அவசரமாக மேலே வரக்கூடாது. தனியாக ஒருபோதும் இறங்கக்கூடாது. எவ்வளவு கைதேர்ந்தவராக இருந்தாலும் கீழே போகும்போது ஒருவருக்கு ஒருவர் துணை வேண்டும்.

மாமி கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "இன்னொருக்காச் சொல்லுங்கோ தம்பி."

மாஸ்டர் இன்னொரு தரம் சொன்னார். மாமி என்னைப் பார்த்தார். நான் கடலைப் பார்த்தேன். ஒரு வாழ்நாள் முழுவதும் சொல்லி வந்ததைக் கடலே ஒப்புக்கொண்டால் ஒரு மனுஷிக்கு எப்படி இருக்கும்? அன்று பின்னேரமே அம்மாவுக்கு, எதிர்வீட்டு ஐயாவுக்கு, கீழ்வீட்டு அக்காவுக்கு எல்லாம் தொலைபேசியில் செய்தி போனது. "கடலுக்கு அடியிலயும் துணையில்லாமல் விடமாட்டினமாம். நான் சொன்னா ஆர் கேக்கிறியள்?"

கீழே எனக்கு மாஸ்டர் துணை. அப்படியானால் மாமிக்கு என்ன வேலை? அதுதான் அவருக்குப் பெரிய கவலை. படகில் வந்து குந்திக்கொண்டார். தலையில் துவாய், கையில் குடை, மடியில் என் செருப்பும் கைப்பையும்.

"நீ கீழ போனாப் பிறகு நான் மேல இருந்து என்னத்தைப் பாக்கிறது?"

"குமிழ் வரும் மாமி. நாங்கள் விடுற மூச்சு மேல குமிழாய் வரும். குமிழ் எங்க வருதோ அங்க நாங்கள் இருக்கிறம். படகுக்காரரும் அதைப் பாத்துத்தான் பின்னால வருவார்."

அவ்வளவுதான். மாமிக்கு வேலை கிடைத்துவிட்டது.

கடலுக்கு அடியில் நான் தேடிப்போன அமைதி இருந்தது. பொய் சொல்லக்கூடாது, அருமையாக இருந்தது. பவளப் பாறைகளுக்கு நடுவே மஞ்சளும் நீலமுமாக மீன்கள். ஓர் ஆமை என்னை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, கலியாணத்தைப் பற்றி ஒன்றும் கேட்காமல் தன் பாட்டில் போனது. என் மூச்சைத் தவிர வேறு சத்தம் இல்லை. அந்த மூச்சும் குமிழாகி மேலே போய்க்கொண்டிருந்தது. அங்கே அதை ஒருவர் பிடித்து வைத்து எண்ணாத குறையாகப் பார்த்துக்கொண்டிருப்பார் என்று நினைத்தபோது சிரிப்பு வந்து, முகமூடிக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

இரண்டாம் நாள் நாங்கள் மேலே வந்தபோது படகைக் காணவில்லை.

அலைக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தால், எங்கள் படகு தூரத்தில், ஒரு ஜெர்மன் கூட்டத்துக்கு நடுவே நின்றது. மாஸ்டர் விசில் ஊதினார். காற்று எதிர்ப்பக்கம். நாங்கள் தண்ணீரில் மிதந்தபடி காத்திருந்தோம். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பயம்தான். பிறகு படகுக்காரர் சொல்லித்தான் நடந்தது தெரியும். எங்கள் குமிழ் ஒரு பக்கம், ஜெர்மன்காரர்களின் குமிழ் ஒரு பக்கம் பிரிந்ததும், படகுக்காரர் எங்களுடைய பக்கம்தான் திருப்பியிருக்கிறார். மாமி விடவில்லை.

"தம்பி, என்ர பிள்ளையின்ர மூச்சு எனக்குத் தெரியாதோ? அவள் அவசரக்காறி. கடகடவெண்டு விடுவாள். அந்தா, அதுதான் அவள்!"

மாமி சொன்னது ஒருவகையில் சரி. ஆனால் முதல்நாள் மாஸ்டர் மூச்சை ஆறுதலாக விடச் சொல்லி என்னை ஏசியிருந்ததால், அன்று நான் ஆறுதலாக விட்டுக்கொண்டிருந்தேன். கடகடவென்று விட்டது ஒரு பருத்த ஜெர்மன்காரர். அவர் மேலே வந்து எங்கள் படகின் ஓரத்தைப் பிடித்ததும், யாரென்று பாராமல் மாமி துவாயால் அவருடைய தலையைப் பிடித்துத் துடைத்திருக்கிறார். பாதித் தலை துடைத்த பிறகுதான் தலையில் மயிர் இல்லை என்று தெரிந்ததாம். இனி நிறுத்தினால் மரியாதையில்லை என்று மிச்சத்தையும் துடைத்து, நெற்றியில் தைலமும் பூசிவிட்டார். அந்த மனிதர் கண்ணை மூடிக்கொண்டு தலையைக் குனிந்து கொடுத்தாராம்.

நான் படகில் ஏறிய உடனே வெடித்தேன். "மாமி, உங்களை ஆர் வரச் சொன்னது? ஒரு இடத்துக்காவது என்னைத் தனிய விடமாட்டியளோ?"

மாமி என் தலையைத் துடைத்தார். துவாயில் ஜெர்மன்காரரின் தைலம் மணத்தது. மாஸ்டரும் படகுக்காரரும் பின்பக்கம் போய் இயந்திரத்தில் ஏதோ பழுது இருப்பதுபோல் குனிந்துகொண்டார்கள்.

துவாயைப் பிழிந்துகொண்டே மாமி சொன்னார்: "பிள்ளை, நான் உங்களோட எல்லாம் வாறது உங்களுக்காகவெண்டே நினைக்கிறாய்?"

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் தீவைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

"எனக்குத் தனியப் போகத் தெரியாதடி. ஒருநாளும் போனதில்லை. முதல்ல அப்பா கூட்டிக்கொண்டு போனார், பிறகு இவர் கூட்டிக்கொண்டு போனார். இவர் போனாப் பிறகு ஆரோட போறது? ஆரும் வெளிக்கிட்டா அவையோட ஒட்டிக்கொண்டு போனா நானும் ஊரைப் பாக்கலாம். கோட்டையும் பாத்தன், கோடும் பாத்தன், இப்ப இந்தக் கடலும் பாக்கிறன். நீங்கள் போகாட்டி எனக்கு ஏது போக்கு?"

கோடு என்று அவர் சொன்னது புதுக்கடை நீதிமன்றத்தை. இத்தனை காலமும் எங்கள் எல்லாரையும் கைபிடித்துக் கூட்டிப்போனவர் என்று நினைத்த மனுஷி, எங்கள் கையைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கிறார்.

"இப்ப கனடாவுக்குத் தனிய வாவெண்டுறான். டுபாயில இறங்கி, மற்றப் பிளேனைத் தேடிப் பிடிச்சு... எனக்கு இரவில நித்திரை இல்லை. வரேல்லையெண்டு சொல்லுவமோ எண்டுகூட நினைக்கிறன். ஆனா பேரப்பிள்ளையள் என்னைப் போனிலதான் கண்டிருக்குதுகள்."

எங்கள் பிரிவில் நாளெல்லாம் ஆட்களுக்கு ஆறுதல் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் நான். ஒரு வசனமும் வரவில்லை. பிளாஸ்கில் இருந்த இஞ்சிப் பிளேன்ரீயை ஊற்றிக் கொடுத்தேன்.

கடைசி நாள் காலையில் மாஸ்டரிடம் போய், மாமியையும் தண்ணீருக்குள் இறக்க முடியுமா என்று கேட்டேன். ஆழத்துக்கு ஏலாது, கரையோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் குழாயைக் கடித்து முழங்காலில் இருக்கலாம் என்றார். மாமி முதலில் பருப்பு அடிப்பிடிக்கும் என்று சொல்லப் பார்த்தார். நிலாவெளிக் கடற்கரையில் பருப்பு இல்லை. அடுத்த தடை உடுப்பு. உடம்பை ஒட்டிய அந்த ரப்பர் உடையில் கனடா விசாவுக்கே கேட்டாலும் தன்னைப் பார்க்க முடியாது என்றார். கடைசியில் ரப்பர் உடையைப் போட்டு, அதற்கு மேலே வீட்டில் உடுக்கும் பூப்போட்ட சோட்டிக் கவுனையும் போட்டுக்கொள்வதென்று உடன்பாடு வந்தது. தண்ணீருக்குள் இறங்கியதும் அந்தச் சோட்டி குடைபோல விரிந்து மேலே வந்தது. மாஸ்டர் அதை அமுக்கி அமுக்கிக் களைத்தார். ஜெர்மன்காரர் கரையில் நின்று கை தட்டினார். இரண்டாம் நாளிலிருந்து அவர் ஒவ்வொரு முறையும் தலை துடைக்க எங்கள் படகுக்குத்தான் வந்துகொண்டிருந்தார்.

"எனக்குத் துணை ஆர்?" என்று மாமி கேட்டார். முகமூடிக்குள் கண்கள் பெரிதாகத் தெரிந்தன.

"நான்தான் மாமி."

என் மணிக்கட்டைப் பிடித்தார். என் காப்பு எலும்பில் அழுந்தியது. இருவரும் முழங்காலில் இருந்து தலையை உள்ளே விட்டோம்.

விரல் நீள மீன்கள் கூட்டமாக வந்து சோட்டியின் பூக்களை மோந்து பார்த்தன. மாமி அசையவில்லை. பிறகு அவருடைய வாயிலிருந்து குமிழ்கள் கொத்துக் கொத்தாகக் கிளம்பின. மூச்சு முட்டுகிறதோ என்று பயந்து மாஸ்டரைப் பார்த்தேன். அவர் சிரித்தார். மாமி கதைத்துக்கொண்டிருந்தார். குழாயைக் கடித்தபடி, தண்ணீருக்கு அடியில், விடாமல். யாராலும் கதைக்க முடியாத இடம் என்று நான் தேடி வந்த இடத்தில்!

வெளியே வந்து முகமூடியைக் கழற்றிய பிறகு கேட்டேன். "அப்பிடி என்ன மாமி கதைச்சனீங்கள்?"

"'விட்டிடாதை, விட்டிடாதை' எண்டுதான். வேற என்ன?" மூக்கைத் துடைத்துக்கொண்டு தண்ணீரைத் திரும்பிப் பார்த்தார். "பயத்தில செத்துப்போனன். ஆனா பயந்துகொண்டு பாத்தாலும் மீன் வடிவாத்தான் இருக்கு, என்ன?"

கனடாவைப் பற்றி அதற்குப் பிறகு பருப்பு அடிப்பிடிக்கவில்லை.

மாமி போகும் நாள் வந்தது. நம்முடைய ஆட்கள் வயதானவர்களைத் தனியாக விமானத்தில் ஏற்றும்போது ஒரு வேலை செய்வார்கள். கால் கல்லுப்போல இருந்தாலும் சக்கர நாற்காலிக்குச் சொல்லிவைத்துவிடுவார்கள். தள்ளிக்கொண்டு போகிறவன் சரியான வாசலில் கொண்டுபோய் விடுவான். பாஷையும் தேவையில்லை, வழியும் தெரியத் தேவையில்லை. மகன் அப்படித்தான் செய்திருந்தார். மாமிக்கு அது பெரிய அவமானம்.

"மூண்டு மாடி லிப்ட் இல்லாமல் ஏறுவன். எனக்கோ வீல்செயர்?"

கட்டுநாயக்காவில் கட்டடமே வந்து நின்றது. யாரும் தனியாகப் போகாத கட்டடம் அல்லவா, வழியனுப்பவும் தனியாக வரவில்லை. ஐயா கன்னத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மாமி கலியாணப் பெண்போலத் தலையைக் குனிந்துகொண்டு நாற்காலியில் இருந்தார், மடியில் துணிப்பை. முகம் வெளிறியிருந்தது. நான் குனிந்து சொன்னேன்: "மாமி, உங்கட பிளேன் எங்க போகுதெண்டு போனில தெரியும். இறங்கும் மட்டும் நான் பாத்துக்கொண்டு இருப்பன்."

"குமிழ் மாதிரியோ?"

"ஓம், குமிழ் மாதிரித்தான்."

"பிழையான குமிழுக்குப் பின்னால போயிடாதை" என்றார். தள்ளுகிறவர் நாற்காலியைத் திருப்பினார். மாமி திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் இறங்கி வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த நாள் முழுவதும் அலுவலகத்தில் மேசைக்குக் கீழே தொலைபேசியை வைத்துக்கொண்டு பார்த்தேன். ஒருவர் தன் முறைப்பாட்டைச் சொல்லிக்கொண்டிருக்க, கறுப்புக் கடலின் மேல் சின்ன மஞ்சள் விமானம் நகர்ந்துகொண்டிருந்தது. நகராததுபோல இருந்தால் மனம் பதறியது. டுபாயில் சரியான விமானத்தில் ஏறினாரா? ஏறியது எப்படித் தெரியும்? நான் பார்ப்பது மாமி இருக்கும் விமானமா, வேறு யாரோ ஜெர்மன்காரர் இருக்கும் விமானமா? இப்படித்தான் அவர் படகில் இருந்திருப்பார் என்று அப்போதுதான் விளங்கியது. மாலையில் வீட்டுக்கு வந்து, கடலோரம் ரயில் போகும் சத்தத்தோடு பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த மஞ்சள் விமானம் ரொறன்ரோவில் இறங்கி நின்றது.

ஒரு மணி நேரம் போயிற்று. இன்னொரு மணி நேரமும் போயிற்று. தொலைபேசி அடித்தது. மாமியின் மகன்.

"தங்கச்சி, அம்மா இன்னும் வெளிய வரேல்லை." என்றார் அவர். "அந்தப் பிளேனில வந்த ஆக்கள் எல்லாரும் போயிட்டினம். வீல்செயரில வந்த கிழவியள் எல்லாம் வந்திட்டுதுகள். அம்மாவைக் காணேல்லை. டுபாயிலயே நிண்டிட்டாவோ தெரியேல்லை. உங்களுக்கு ஏதும் போன் எடுத்தவவோ?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பக்கத்தில் வந்து என் தோளைப் பிடித்தார். டுபாயில் ஒரு வாங்கில், பையை அணைத்தபடி, வாயைத் திறக்கப் பயந்து இருக்கும் மாமி என் கண் முன்னால் வந்தார். 'விட்டிடாதை' என்று சொன்ன மனுஷியைத் தனியாக விட்டுவிட்டோமே என்று அழுகை வந்தது.

"தங்கச்சி... பொறுங்கோ. பொறுங்கோ. கதவு திறக்குது. ஒரு வீல்செயர் வருது."

"அண்ணா? மாமியோ?"

"ஓம், அம்மாதான். ஆனா அம்மா வீல்செயரில இல்லை."

"அப்ப?"

"தள்ளிக்கொண்டு வாறா. உள்ள ஆரோ ஒரு கிழவி இருக்கிறா. எங்கட ஆக்கள் மாதிரியும் தெரியேல்லை, தலையில முக்காடு போட்டிருக்கு."

அம்மா என் கையிலிருந்து தொலைபேசியைப் பிடுங்கிச் சத்தமாக வைத்தார். ரொறன்ரோ விமான நிலையத்தின் இரைச்சல் எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குள் வந்தது. மகன் "அம்மா, அம்மா" என்று ஓடுவது கேட்டது. பிறகு மாமியின் குரல், மூச்சு வாங்கக் கடகடவென்று.

"பிள்ளையோ? ஓம், வந்திட்டன். சுகமா வந்திட்டன். டுபாயில இந்த மனுசி தனிய இருந்து அழுதுகொண்டு இருந்ததடி. அவவின்ர பாசை எனக்கு விளங்கேல்லை, என்ர பாசை அவவுக்கு விளங்கேல்லை. கால் ஏலாது, டிக்கெட்டிலயும் ரொறன்ரோ எண்டுதான் கிடந்தது. என்ர வீல்செயரில ஏத்தி, நான் பிடிச்சுக்கொண்டு நடந்தன். தள்ளுற பெடியன் சரியான பிளேனுக்குத்தான் கொண்டு போவான், எனக்கென்ன கவலை? இஞ்ச இறங்கியும் அவவின்ர பெட்டி வரேல்லை, அதுதான் நிண்டனாங்கள். நீ சாப்பிட்டாச்சோ?"

நான் நாள் முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை என்று சொல்ல நினைத்தேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்ததால் சொல்ல முடியவில்லை. உண்மையைச் சொன்னால், முக்காடு போட்ட அந்தக் கிழவியில் எனக்கு நல்ல பொறாமையும் வந்தது.

பின்னால் மகனின் குரல் கேட்டது. "அம்மா, பேரப்பிள்ளையள் காரில பாத்துக்கொண்டு இருக்குதுகள். வாங்கோ, போவம்."

"பொறடா தம்பி. இவவின்ர ஆக்களை இன்னும் காணேல்லை. தனிய விட்டிட்டே போறது? பிள்ளையளை இறக்கி இஞ்ச கூட்டிக்கொண்டு வா, அதுகளும் துணைக்கு நிக்கட்டும்."